சவரியின் முழங்காலுக்கு நான் சொன்ன பதில்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. டீம்களில் மருந்துப் பை தூக்கப் புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதுங்க என்று கேட்டீங்க. எழுதுறேன். நீளமாக இருக்காது.

பேண்டேஜ் எப்படிக் கட்டுவது, ஐஸ் எவ்வளவு நேரம் வைப்பது, இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நீங்க கோர்ஸ் படித்து வந்தவங்க. முழங்காலுக்குள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பேர் தெரியும். எனக்கு உள்பக்க நார், வெளிப்பக்க நார், நடு நார், அவ்வளவுதான் தெரியும். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. "இவன் இன்னைக்கு ஆடுவானா?" என்று கேட்கும்போது உங்க வாய் என்ன சொல்லணும் என்பது. நான் ஒரு தடவை தப்பாகச் சொன்னேன். அதை மட்டும் எழுதுறேன்.

நான் வேலை செய்தது உக்குவளைப் பக்கம் ஒரு நூல் மில்லில். முதலாளிமார் கொழும்பில். அவங்களுக்குக் காற்பந்து என்றால் பைத்தியம். மில்லுக்கு என்று ஒரு டீம் வைத்திருந்தாங்க. ஆட்டக்காரங்களுக்குப் பேருக்கு மில் வேலை, நிஜ வேலை பந்து. வருசா வருசம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குவாங்க. அதில் ஒரு வரி இருந்தது. மில்லுக்காக ஆடும்போது அடிபட்டால், சுகமாகும் வரைக்கும் அவன் பேர் ரெஜிஸ்டரில் இருக்கும். அந்த வரியை நம்பித்தான் பையன்கள் காலை நீட்டினாங்க.

எங்க டீமில் ஒரு வழக்கம். மெட்சுக்கு முன்னால் எல்லாரும் வட்டமாக நிற்கணும். மனேஜர் ஒவ்வொரு பேராகச் சொல்லி என்னைப் பார்ப்பார். "ஆகுமா?" நான் "ஆகும்" அல்லது "ஆகாது" என்று சொல்லணும். "பார்க்கலாம்" கிடையாது. "கொஞ்சம் நோவுதான்" கிடையாது. நான் ஆகாது என்றால் கெப்டன் என்றாலும் பெஞ்சில் உட்காரணும். ஆகும் என்றால், நோகுது என்று சொல்லி எவனும் ஒதுங்க முடியாது. எதிர்த்துப் பேசினால் ஒரு வாரம் டீமுக்கு வெளியே. மனேஜர் சிங்களத்தில் சொல்வார்: "பைக்காரர் வாய் மில்லோட வாய்." அவர் பேசியது எல்லாம் சிங்களம்தான். ஐயா என்பதற்கு நாங்க அவரை மாத்தயா என்போம். நான் தமிழில் எழுதுறேன்.

ஒரு தடவை கோல்கீப்பரின் விரலைப் பார்த்து ஆகாது என்றேன். அன்றைக்கு அஞ்சு கோல் வாங்கினோம். அந்தக் கோல்கீப்பர் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. விரல் நேராக இருக்கிறது, இன்னும்.

சவரிமுத்து விசயத்துக்கு வருகிறேன்.

சவரி இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பையன். வேதக்கார வீடு. வலது பக்கத்து ஃபார்வர்ட். இருபத்தி நாலு வயசு. ஓடினால் காற்சட்டை மட்டும்தான் தெரியும், கால் தெரியாது. அந்தத் தோட்டப் பக்கத்திலிருந்து சம்பளத்துக்குப் பந்து ஆடிய முதல் ஆள் அவன்தான்.

அது பிரச்சினைக் காலம், வடக்கில் யுத்தம். ரோட்டில் சோதனை. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு ஒரு இடம், மாத்தளையிலிருந்து கண்டிக்கு ரெண்டு இடம், பஸ்ஸை நிறுத்தி இறக்குவாங்க. சவரிக்கு அரசாங்க அடையாள அட்டை கிடைத்திருக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஏதோ கோளாறு, விண்ணப்பம் போட்டு ரெண்டு வருசம். எங்க பக்கத்தில் அப்படி நிறையப் பேர். அவனிடம் இருந்தது மில் கார்டு. படம், முத்திரை, கீழே சிங்களத்தில் "காற்பந்து அணி" என்று ஒரு வரி. சிப்பாய் அதைப் பார்த்தால் முகம் மாறும். "எந்த இடத்துல ஆடுற?" என்பான். "ரைட் விங்." "போ, போ." அந்தக் கார்டின் திகதியும் வருசக் கடதாசியின் திகதியும் ஒன்று. கடதாசி முடிந்தால் கார்டும் முடிந்தது.

இதை நன்றாக மனதில் வையுங்க. அவனுக்குக் கடதாசி என்றால் வேலை மட்டும் இல்லை. ரோடு.

அந்த வருசம் மில் முதல் தடவையாக செமி ஃபைனலுக்கு வந்தது. மெட்ச் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் புதன்கிழமை மழையிலே பிரக்டிஸ். கெப்டன் நௌஷாத்தும் சவரியும் ஒரே பந்துக்குப் போய் மோதினாங்க. விழுந்து எழும்பிச் சிரித்துக்கொண்டாங்க. யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

எங்க மைதானம் ரோட்டுக்குக் கீழே. கல் படியில் இறங்கணும். நான் எப்போதும் முதலில் வந்து கீழே நிற்பேன். பையன்கள் இறங்கி வருவதைப் பார்ப்பேன். ஏறும்போது முழங்கால் நடிக்கும். இறங்கும்போது நடிக்காது. வெள்ளிக்கிழமை சவரி பக்கவாட்டாக இறங்கினான். நண்டு மாதிரி. நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

ஞாயிறு மெட்சுக்கு முன்னால் உடுப்பு மாற்றுகிற அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். முழங்கால் பலாக்கொட்டை மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தது.

"அண்ணே, ஆகும்னு சொல்லிருங்க."

"வீங்கியிருக்கு."

"தெரியும். இறுக்கிக் கட்டுங்க. கடதாசி அடுத்த மாசம் முடியுது. இன்னைக்கு நான் உக்காந்தா புதுசு போட மாட்டாங்க."

"கால் போயிரும் சவரி."

"கால் என்னோடது அண்ணே. சொல்லுங்க. கால்ல விழவா?"

கட்டினேன். நன்றாகக் கட்டினேன். அதுவும் பிழைதான். கட்டு நன்றாக இருந்தால் ஆட்டக்காரன் வலியை மறந்துவிடுவான்.

அவன் கெஞ்சியது மட்டும் காரணம் என்று நான் எழுதினால் பொய். எனக்கும் ஆசை. செமி ஃபைனல். அவன் இல்லாவிட்டால் எங்களுக்கு வலது பக்கமே கிடையாது.

வட்டமாக நின்றோம். "சவரிமுத்து. ஆகுமா?"

"ஆகும்" என்றேன்.

இருபது நிமிசம் ஆடினான். ஒரு கோல் போட்டான். பிறகு பக்கத்தில் யாருமே இல்லாமல், பந்தும் இல்லாமல், திரும்பும்போது கீழே விழுந்தான். கத்தவில்லை. புல்லைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினான். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள்ளே எனக்குத் தெரிந்துவிட்டது. பாதம் அவன் பார்க்காத பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது.

கண்டியில் டொக்டர் பார்த்தார். நடு நார் அறுந்துவிட்டது, ஒப்பரேசன் செய்யணும், திகதி தருகிறோம் என்றார். மில்லுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு வரி: நார் முழுக்க அறுவதற்குச் சில நாள் முன்னாலேயே பாதி கிழிந்திருக்கிறது.

மனேஜர் கெட்ட மனுசன் இல்லை. அவர் கொழும்புக்குப் பதில் சொல்லணும். கொழும்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது.

சவரி கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு ஒபீசுக்கு வந்தான். நானும் கூட நின்றேன்.

"ஓடுற நாள்ல வா. அன்னைக்கே கையெழுத்து போடலாம்" என்றார் மனேஜர்.

"ஓட முடிஞ்சா உங்க கையெழுத்து எனக்கு எதுக்கு மாத்தயா? எவனும் கூப்பிடுவானே."

மனேஜர் ஒரு கடதாசியைத் தள்ளினார். முழங்கால் மில் ஆட்டத்துக்கு வெளியே, தோட்டத்தில் இருக்கும்போது பழுதானது என்று சவரி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் இரக்கப்பட்டு மூன்று மாசத்துக்குக் கார்டு.

"மூணு மாசம் கழிச்சு?"

"அதை அப்ப பார்ப்போம்."

"இதுல நான் கையெழுத்து வச்சா, உடைஞ்ச காலை மறைச்சு வித்தவன்னு ஆயிருவேன். பெறகு ஒரு டீமும் என்னைத் தொடாது. பழைய கடதாசியில இருக்கிறதத்தானே கேக்குறேன். சுகமாகும் வரைக்கும் பேர் ரெஜிஸ்டர்ல இருக்கணும்."

"அது எங்க ஆட்டத்துல அடிபட்டவனுக்கு."

"நான் வேற எங்க ஆடினேன்?"

சவரி கடதாசியைத் தொடவில்லை. வெளியே வந்தான்.

அதற்குப் பிறகு அவன் தினமும் மைதானத்துக்கு வந்தான். மில் ஜேர்சி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே, கட்டையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருப்பான். பிரக்டிஸ் முடியும் வரைக்கும் இருப்பான். ஜேர்சியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒபீசிலிருந்து சொல்லி அனுப்பினாங்க. "வந்து கழட்டிக்கச் சொல்லுங்க" என்றான். யாரும் வரவில்லை.

நௌஷாத் உக்குவளைக்காரர். எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். பேசாமல் இருக்கத் தெரியாத ஆள்.

"டேய் சவரி, நீ ஆடும்போது இவ்வளவு நேரத்தோட வந்ததில்லையேடா."

"ஆடும்போது முழு டிக்கட் நானா. இப்ப ஒரு காலுக்கு அரை டிக்கட், அதான் பஸ்காரன் சுருக்கா இறக்கிவிடுறான்."

"மனேஜர் உன்னைப் பார்த்தா தலைய குனிஞ்சுட்டுப் போறார். எங்கள நல்லா முறைக்கிறார். உன் இடத்துல நான் உக்காரட்டா?"

"வாங்க. கட்டை ஒண்ணுதான் இருக்கு."

சிரித்தாங்க. நான் சிரிக்கவில்லை. நான் பையைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தேன்.

மாசம் முடிந்தது. கார்டின் திகதியும் முடிந்தது. ரெண்டு நாள் கழித்து சவரிக்கு ஒப்பரேசன். கண்டிக்கு பஸ் ஏறினான். இரத்தோட்டைச் சோதனையில் தினமும் பார்க்கிற முகம், திகதி பார்க்காமல் விட்டுவிடுவாங்க; கண்டி ரோட்டில் அப்படி இல்லை. உக்குவளை தாண்டிச் சோதனை. கார்டைப் பார்த்தாங்க. திகதி பழசு. கால் எப்படி உடைந்தது என்று கேட்டாங்க. பந்து ஆடினேன் என்றான். அப்போ ஏன் கார்டு புதுசு இல்லை என்றாங்க. அவனை மட்டும் திரும்ப பஸ்ஸில் ஏற விடவில்லை. அவன் போன பஸ்ஸிலேயே எங்க மில் பொம்பளை ஒருத்தி இருந்தாள். இறங்கி ஓடி வந்து மில்லில் சொன்னாள். நானும் நௌஷாத்தும் போனோம். நௌஷாத் தன் கார்டைக் காட்டி, கோல் கணக்கு எல்லாம் சொல்லிப் பேசினார். பின்னேரம் விட்டாங்க. அடிக்கவில்லை. ரோட்டோரம் ஒரு மரக் கதிரையில் உட்கார வைத்திருந்தாங்க, அவ்வளவுதான்.

ஆனால் ஒப்பரேசன் திகதி போய்விட்டது. அடுத்த திகதி அஞ்சு வாரம் கழித்து. அதையும் விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

இப்போ கணக்கு நேரானது. அஞ்சு வாரத்துக்குள்ளே கார்டு. இல்லாவிட்டால் கால்.

அடுத்த கிழமை மனேஜர் என்னை ஒபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"டொக்டரே எழுதியிருக்கார், முன்னாடியே கிழிஞ்சதுன்னு. நீங்க தினமும் அவன் காலைப் பார்க்கிறவர். பழைய நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விசயம் முடிஞ்சுது. அவனுக்கும் மூணு மாசக் கார்டு கிடைக்கும். அவனுக்கு நல்லதுதானே?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க நிறைய இருந்தது. பழைய நோவு என்றால் பாதி உண்மை. நல்ல கால் என்றால் முழுப் பொய். முழு உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். போனால் போகட்டும் என்று அப்போது நினைக்கவில்லை. எனக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். பயந்தேன். அதையும் எழுதணும்.

மைதானத்தில் சவரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னைக் கேக்குறாங்க" என்றேன்.

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணே."

"டொக்டர் எழுதியிருக்கார்."

"டொக்டர் அன்னைக்கு மைதானத்துல இல்லையே. நீங்க இருந்தீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நீ கேட்டு நான் ஒரு தடவை சொல்லிட்டேன், சவரி."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மைதானத்தைப் பார்த்தான்.

"உண்மையச் சொன்னா, நான்தான் மறைச்சேன்னு ஆயிரும்" என்றான் மெதுவாக. "கெஞ்சினேன்னு வெளிய வந்தா, அவங்க கடதாசி தேவையே இல்ல. என்னைத் தூக்கிப் போட்டுருவாங்க."

நான் எழும்பி வந்தேன். அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது ஒன்று. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுறேன். ஆட்டக்காரன் கேட்பான். கெஞ்சுவான், காலில் விழுவான், சண்டை பிடிப்பான். கேட்பது அவன் வேலை. அவன் ஆடப் பிறந்தவன், கேட்காமல் என்ன செய்வான்? பதில் சொல்வது நம்ம வேலை. பதில் பிழையானால் பிழை நம்மது. அவன் கேட்டதால்தான் என்று அவன் தலையில் போடக் கூடாது.

மனேஜரிடம் போனேன்.

"ஒபீசுக்குள்ள வேணாம் மாத்தயா. அன்னைக்குக் கேள்வி வட்டத்துல கேட்டீங்க. பதிலும் அங்கேயே சொல்றேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வழி இல்லை.

சனிக்கிழமை காலை. எல்லாரும் நின்றாங்க. சவரி கோட்டுக்கு வெளியே. மனேஜர் கேட்டார்.

"சவரிமுத்து முழங்கால் செமி ஃபைனலுக்கு முன்னாடியே பழுதாத்தானே இருந்துச்சு?"

"ஓம் மாத்தயா."

சவரி தலையைக் குனிந்தான். மனேஜர் மூச்சு விட்டார். நான் நிறுத்தவில்லை.

"புதன்கிழமை மழையில பிரக்டிஸ். இந்த மைதானத்துல. அதுலதான் பழுதாச்சு. வெள்ளிக்கிழமை அந்தப் படியில பக்கவாட்டா இறங்கினான். நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீக்கத்தைப் பார்த்தேன். ஆகாதுன்னு தெரியும். ஆகும்னு சொன்னேன்."

"ஏன்?" என்றார் மனேஜர்.

"ஜெயிக்கணும்னு ஆசை. பிழை என்னோடது."

நௌஷாத் ஒரு அடி முன்னால் வந்தார். "புதன்கிழமை மோதினது நான்தான் மாத்தயா. என் தோள்ல இன்னும் நோவு இருக்கு. யாரும் கேக்கல, நான் சொல்லல."

"நீ பேசாம இரு."

"இருக்கிறேன். ஒண்ணு மட்டும் கேட்டுட்டு இருக்கிறேன். பைக்காரர் வாய் மில்லோட வாய்னு எங்களுக்கு எத்தனை வருசமா சொல்றீங்க? போன வருசம் எனக்கு ஆகும்னார். நோகுதுன்னேன். ஒரு வாரம் வெளிய போட்டீங்க. அப்ப அது மில்லோட வாய். இப்ப சவரி கால் உடைஞ்சதும் அது இவரோட சொந்த வாயா?"

ஒரு பையன் சிரித்துவிட்டு அடக்கினான். மனேஜர் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. என் கால் பக்கத்தில் இருந்த பையையே ரொம்ப நேரம் பார்த்தார். மழையில் பிரக்டிஸ் வைக்கச் சொன்னது அவர்தான். அது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"பையை வச்சிட்டுப் போங்க" என்றார்.

வைத்துவிட்டுப் போனேன்.

அவர் கொழும்புக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ரெண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சவரி மைதானத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தான். மூன்றாம் கிழமை அவனை ஒபீசுக்குக் கூப்பிட்டாங்க. பழைய கடதாசி மாதிரியே புதுக் கடதாசி. தோட்டத்தில் பழுதானது என்கிற வரி இல்லை. ஒரு வருசத்துக்குக் கார்டு. அவன் கையெழுத்து வைத்தான். வெளியே வந்து, ஜேர்சியைக் கழற்றி, மடித்து, உள்ளே போய் மனேஜர் மேசையில் வைத்தான். யாரும் கேட்காமலே.

என்னைப் பஞ்சுப் பொதி ஸ்டோருக்கு மாற்றினாங்க. பதினாலு மாசம் பொதி தூக்கினேன். பிறகு பையன்கள் போய்க் கேட்டு, பை திரும்ப வந்தது. அது பெரிய விசயம் இல்லை. சிலர் என்னிடம், உண்மையைச் சொன்னீங்க, நல்ல மனுசன் என்று சொல்வாங்க. அப்படிச் சொல்லாதீங்க. உண்மையை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் சவரிக்கு ரெண்டு நல்ல கால் இருந்திருக்கும். பிந்திச் சொன்ன உண்மை கார்டைத்தான் வாங்கிக் கொடுத்தது.

ஒப்பரேசன் அன்றைக்கு நானும் லீவு போட்டு அவனோடு பஸ்ஸில் போனேன். சோதனையில் இறக்கினாங்க. சிப்பாய் புதுக் கார்டைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான். மறுபடி கார்டைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் போய்ப் பார்த்தேன். காலில் இடுப்பு வரைக்கும் கட்டு. முகம் தெளிவாக இருந்தது. இனி ஆட முடியாது என்று டொக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடக்கலாம், வேலை செய்யலாம், படி ஏறலாம். ஆட முடியாது. தோடம்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றான்.

"அண்ணே."

"ம்."

"நான் கெஞ்சினத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"கேக்கல, சவரி."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தார்.

"அடுத்த தடவ நான் கெஞ்சினா, அறைஞ்சிருங்க" என்றான்.

"அடுத்த தடவ இல்லையே."

"தெரியும்" என்றான். மிச்சத் தோடம்பழத்தை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கித் தின்றேன்.